நான் வைக்காத ஆரஞ்சு நிறம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நான் யோக்கியன் இல்லை. நடுவில் எங்காவது மனம் திருந்தி யார் காலிலாவது விழுவேன் என்று காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து வேறு வேலையைப் பார்க்கலாம். நடந்ததை நடந்தபடி சொல்வது ஒன்றுதான் இனி என்னால் ஆகும். அதையாவது ஒழுங்காகச் செய்து தொலைக்கிறேன்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதித்து, பிரேம் எடுத்துக் காட்டி, "இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்று எல்லா முகத்துக்கும் சொல்கிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைக்கு வந்த ஒரு சர்வேயர், நான் ஓர் அட்டைப்பெட்டியின் மூடியில் கிறுக்கி வைத்திருந்த தெருமுனையைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எங்ககூட வாங்களேன்" என்றார். போனேன். அப்படித்தான் எங்கள் ஊர் ஓவியர் குழுவில் சேர்ந்தேன்.

குழு என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தம் பதினோரு பேர். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை ஏழு மணிக்கு ஆற்றுப் பாலம், மரக்கடை, தீயணைப்பு நிலையம் என்று ஏதாவது ஓர் இடத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைவோம். சர்வேயர்தான் தலைவர். ஓய்வு பெற்றும் ஓயாத மனிதர். இடத்திலேயே ஆரம்பித்து இடத்திலேயே முடிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். போட்டோ எடுத்துப் போய் வீட்டில் வரைந்தால் அது திருட்டுக் கணக்கு. பத்து மணிக்கு விசில் ஊதுவார். உடனே எல்லோரும் படத்தைத் தரையில் வரிசையாக வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மற்றவர்கள் கூடிப் பேசி ஒரே ஒரு திருத்தம் சொல்வார்கள். வரைந்தவர் அதை அங்கேயே, எல்லார் முன்னாலும் செய்தாக வேண்டும். இதற்கு 'ஒரு கை வைக்கிறது' என்று பெயர். வக்கீலாக இருந்தாலும் சரி, டாக்டராக இருந்தாலும் சரி, தப்பிக்க முடியாது.

கடைசியாக ஒன்று உண்டு. அந்த இடத்தில் வேலை செய்கிற யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, பதினோரு படத்தில் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வோம். பின்பக்கத்தில் அவர் பெயரை எழுதி, வரைந்தவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். "அவங்க இடத்துல மூணு மணி நேரம் ஓசியில உக்காந்திருக்கோம்ல, ஒரு படமாவது குடுத்துட்டுப் போவோம்" என்பார் சர்வேயர். மரக்கடையில் ஒரு படத்தைக் கொடுத்தபோது அந்த மரம் அறுக்கிறவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அது நான் வரைந்தது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தன. என்னைக் கவிழ்த்தது என் வாய்.

முதல் நாள் டீ குடிக்கும்போது ஒவ்வொருவராக வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டார்கள். பல் டாக்டரம்மாவின் மகன் வெளிநாட்டில் படிக்கிறான். வக்கீலின் தம்பி கல்லூரியில் பேராசிரியர். "உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க?" என்று என்னைக் கேட்டார்கள். "ஒரு அக்கா. பஸ் டிபார்ட்மெண்ட்ல இருக்காங்க" என்றேன். அதுவரை பொய் இல்லை. அக்கா பஸ் நிலையத்தில்தான் வேலை செய்கிறாள். பிளாட்பாரத்தைத் துடைத்து, இரண்டு கழிப்பறைகளைக் கழுவுகிற வேலை. அத்தான் இறந்தபோது சேர்ந்தவள், பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறாள். அம்மாவும் அவளுடன்தான் இருக்கிறாள். என் வீட்டில் கூடுதலாக இரண்டு அறை இருந்தும் அம்மா அங்கே இருப்பது தனிக் கதை. அதிலும் எனக்குப் பெருமை கிடையாது.

வக்கீல், "ஆபீசரா?" என்று கேட்டார்.

"ஆமா, அந்த மாதிரிதான்" என்றேன்.

யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நாக்கு தானாகப் புரண்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு இரண்டு வருஷம் ஓடியது. நடுவில் ஒரு தடவை வக்கீலின் மாமியார் பஸ்ஸில் குடையை மறந்து வைத்துவிட்டார். "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார் வக்கீல். சொன்னேன். அக்கா தன் வேலை முடிந்த பிறகு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, நான்கு கண்டக்டர்களிடம் கேட்டு, மூன்றாம் நாள் அந்தக் குடையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "பெரிய இடத்துல ஆள் இருந்தா இதான் சௌகரியம்" என்றார் வக்கீல். நானும் பெரிய இடத்துத் தம்பி மாதிரி சிரித்து வைத்தேன். இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது.

அடுத்து வரையப்போகும் இடத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பது வழக்கம். போன மாதம் பல் டாக்டரம்மா எடுத்த சீட்டில் 'பஸ் நிலையம்' என்று இருந்தது.

"அங்க ஒரே புகை, கூட்டம். உக்கார இடம் இருக்காது" என்றேன்.

"புகையும் கூட்டமும் வரையத்தானே போறோம்" என்றார் சர்வேயர்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைத்துப் பேசத் தெரிந்தவன்தான் நான். அம்மாவின் மூட்டு வலி, மழை, விலைவாசி எல்லாம் பேசிவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல, "வர்ற ஞாயித்துக்கிழமை காலையில உனக்கு வேலையா?" என்றேன்.

"இல்லடா, இந்த வாரம் பூரா மதிய ஷிப்டு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "அண்ணி, இவரு குரூப்பு உங்க பஸ் ஸ்டாண்டுக்குத்தான் படம் வரைய வருதாம்."

"அட, அப்படியா" என்றாள் அக்கா. குரலில் ஒரு சந்தோஷம். நான் அதைக் கவனிக்கவில்லை. மதிய ஷிப்டு என்ற வார்த்தையிலேயே என் காது நின்றுவிட்டது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை மழை விட்டும் விடாமலும் இருந்தது. வானம், கட்டடம், தூண்கள், பஸ்கள், தரை எல்லாம் ஒரே சாம்பல். நீளமான பிளாட்பாரம், அதன் ஒரு கோடியில் டிக்கெட் ஜன்னல், மறு கோடியில் கழிப்பறைக்குப் போகிற சந்து. கூரைக்கு அடியில் பதினோரு பேரும் ஆளுக்கு ஒரு தூணாகப் பிடித்து உட்கார்ந்தோம். எனக்கு இடப்பக்கம் பல் டாக்டரம்மா, வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி வக்கீல். நான் பென்சிலால் கூரையையும் பஸ்களையும் குறித்துக்கொண்டு, தாளை நனைத்துச் சாம்பல் பூச ஆரம்பித்தேன்.

வாட்டர்கலர் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதில் வெளிச்சத்தை மேலே பூச முடியாது. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அந்த இடத்தைத் தாளில் முதலிலேயே காலியாக விட்டுவைக்க வேண்டும். விடாமல் சாம்பலைப் பூசிவிட்டு, அதன்மேல் மஞ்சளோ ஆரஞ்சோ வைத்தால் சேறாகத்தான் வரும்.

அரைமணி நேரம் போயிருக்கும். சந்திலிருந்து ஒரு ஆரஞ்சு நிறம் வெளியே வந்தது.

அக்கா. கையில் வாளி, தோளில் நீளத் துடைப்பான். ஊழியர்கள் சட்டைக்கு மேலே போடுகிற அந்த ஆரஞ்சு மேல்சட்டை அன்று தோய்த்து, தேய்த்து, மடிப்பு நிற்க இருந்தது. தலையை அழுந்த வாரியிருந்தாள். வேலைக்கு வருகிறவள் மாதிரி இல்லை, யார் வீட்டுக்கோ விருந்தாளியாகப் போகிறவள் மாதிரி இருந்தாள். ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னைக் கண்டுபிடித்ததும் அவள் முகம் மலர்ந்தது. கை பாதி உயர்ந்தது.

நான் குனிந்து வண்ணப் பெட்டியைப் பார்த்தேன். குனிந்தால் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை; வாளிச் சத்தம் கிட்டத்தில் கேட்டது. நிமிர்ந்தேன். யாருக்கும் தெரியாமல் தலையை இப்படியும் அப்படியுமாக ஒரே ஒரு தடவை ஆட்டினேன். வேண்டாம், வராதே.

அக்கா நின்றாள். என் பக்கத்தில் இருந்த பல் டாக்டரம்மாவைப் பார்த்தாள், அந்தப் பக்கம் வக்கீலைப் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்து, துடைப்பானை நனைத்துப் பிழிந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கத்தான் அவ்வளவு தூரம் வந்தவள்போல.

சின்ன வயதில் நான் செய்த எத்தனையோ தில்லுமுல்லுகளை அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறாள். இதையும் புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் என் கண் படுகிற பக்கமே வராமல் இருக்கப் பார்த்தாள். நான் பார்க்கும் திசையை விட்டு ஒதுங்கித் தூணுக்கு அந்தப் பக்கம் போனால், அது மற்ற பத்துப் பேருக்கும் நட்ட நடுவாக இருந்தது.

"ஐயோ, அந்த ஆரஞ்சைப் பாருங்க" என்றார் பல் டாக்டரம்மா என்னிடம். "இவ்வளவு சாம்பல்ல அது ஒண்ணுதான் உயிரு. நம்ம படத்துக்குன்னே யாரோ அனுப்பி வச்ச மாதிரி இருக்கு." பிறகு அக்காவைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் அங்கயே நில்லுங்களேன். அஞ்சே நிமிஷம்" என்றார்.

அக்கா துடைப்பானைப் பிடித்தபடி நின்றாள். வரைந்துகொண்டே பேசுவது டாக்டரம்மாவின் வழக்கம். பல் பிடுங்கும்போதும் அப்படித்தான் பேசுவார்.

"டெய்லி காலையிலதான் வருவீங்களா?"

"இல்லங்க. இந்த வாரம் மதியம்தான். இன்னைக்கு மட்டும் இன்னொரு ஆள்கிட்ட கேட்டு மாத்திக்கிட்டேன்."

"ஏன், மதியம் ஏதாச்சும் வேலையா?"

"இல்லங்க, தெரிஞ்சவங்க வராங்கன்னு சொன்னாங்க. அதான்."

"வந்துட்டாங்களா?"

அக்கா வாளியைப் பார்த்தாள். "இன்னும் இல்லங்க" என்றாள்.

என் தூரிகையிலிருந்து தண்ணீர் சொட்டி, வானம் கட்டடத்துக்குள் ஓடியது. பஞ்சை எடுத்து ஒற்றக்கூடத் தோன்றவில்லை. நான் போனில் கேட்டதை அவள் அழைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். தம்பி வருகிறான், நான் இருப்பேனா என்று கேட்கிறான், இல்லை என்றால் ஏமாந்துபோவான் என்று ஷிப்டை மாற்றி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் இருக்கக் கூடாது என்பதற்காகக் கேட்டேன் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? அப்படி நினைக்க என் மாதிரி ஒரு புத்தி வேண்டும்.

அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். பத்து அடி தூரம். "இவங்கதான் எங்க அக்கா" என்று மூன்று வார்த்தை. அதைச் சொன்னால் வக்கீலின் முகம் எப்படி மாறும், குடைக் கதையை அவர் எப்படித் திருப்பி நினைத்துப் பார்ப்பார் என்பதுதான் என் கண்முன் வந்தது. உட்கார்ந்தே இருந்தேன். தேள் கொட்டின திருடன் கத்தவா முடியும்?

வக்கீல் தன் தூணிலிருந்து குரல் கொடுத்தார். "என்ன கண்ணாடிக்காரரே, உங்க அக்கா ஆபீசு இங்க மாடியிலதானே? வரச் சொல்லுங்க, ஒரு டீ குடிப்போம். குடைக்கு நேர்ல நன்றி சொல்லணும்."

"இன்னைக்கு அவங்க லீவு" என்றேன்.

அக்காவுக்குக் கேட்கிற தூரம்தான். துடைப்பான் ஓர் இழுப்பில் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

அதற்குப் பிறகு நான் வெறி பிடித்தவன்போல வரைந்தேன். அவள் நிற்கிற இடத்துக்குத் தாளில் வெளிச்சம் விடாமல் சாம்பலைப் பூசினேன். தூணை அங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். தரையை மட்டும் விழுந்து விழுந்து வரைந்தேன். ஈரத் தரையில் பஸ்களின் பிம்பம் இறங்கி நீளமாக நின்றதை இரண்டு வருஷத்தில் நான் இவ்வளவு நன்றாக வரைந்ததில்லை. வரையும்போது எனக்கு அதில் திருப்திகூட இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பத்து மணிக்கு விசில். டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே காய்ந்த தரையில் பதினோரு படங்களையும் வரிசையாக வைத்தோம். சர்வேயர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க வேலை செய்றவங்க யாரு? அந்த அம்மாவையே கூப்பிடுங்க. இன்னைக்கு அவங்கதானே கதாநாயகி" என்றார். பல் டாக்டரம்மா போய்க் கையோடு கூட்டி வந்தார். அக்கா கையை மேல்சட்டையில் துடைத்துக்கொண்டு கடைசியில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

முதலில் ஒரு கை வைக்கிற சடங்கு. ஒவ்வொரு படமாக வந்தார்கள். பத்துப் படங்களிலும் ஆரஞ்சு இருந்தது. பல் டாக்டரம்மா படத்தில் முகம்கூடத் தெரிந்தது. வக்கீல் படத்தில் அது வெறும் பொட்டு. சர்வேயர் அளவு தப்பாமல் பிளாட்பார நீளத்தில் அவள் இத்தனையில் ஒரு பங்கு என்று கணக்காக நிறுத்தியிருந்தார். பதினோராவது படத்துக்கு வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வேறு எதிலும் இவ்வளவு ஒற்றுமையாக எங்கள் குழு பேசி நான் கேட்டதில்லை.

"ஆரஞ்சு எங்க?"

"தரை பிரமாதம். ஆனா படம் செத்துக் கிடக்குதே."

"ஒரு கை வைங்க கண்ணாடி. இந்தத் தூண் பக்கத்துல ஒரே ஒரு பொட்டு" என்றார் சர்வேயர்.

"அங்க சாம்பல் பூசிட்டேன். இனிமே வச்சா சேறாயிடும்" என்றேன். உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம், வாட்டர்கலரே என்னைக் காப்பாற்றிவிட்டது என்று.

சர்வேயர் பையைத் துழாவி ஒரு டியூபை எடுத்து நீட்டினார். "இது போஸ்டர் கலர். எது மேலயும் நிக்கும். ஒரு பொட்டு வைங்க, பத்து செகண்டு வேலை."

டியூபை வாங்கவில்லை. மற்ற பத்துப் பேரும் பார்க்கிறார்கள். அவளும் பார்க்கிறாள். அவள் முன்னால், அவளைப் பார்த்து, தாளில் அவளை வைக்க வேண்டும். கை அதற்கு வரவில்லை. கையை மறைக்க வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு அந்தம்மா வேண்டாம் சார். வேணும்னுதான் விட்டேன். படத்தக் கெடுத்துடும்."

ஒரு பஸ் பின்னால் வந்து நின்றது. பல் டாக்டரம்மா என்னை ஏதோ பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அவங்க இங்கதான் நிக்கிறாங்க" என்றார் மெதுவாக. சர்வேயர் முகம் சிவந்து, "சட்டம்னா சட்டம்" என்று ஆரம்பித்தார்.

"விட்டுருங்க சார்" என்றாள் அக்கா. "அவரு மேல தப்பில்ல. நான் ஒரு இடத்துல நிக்கிறவளா? அவரு பாக்குறப்ப நான் உள்ள கழுவிக்கிட்டு இருந்திருப்பேன்."

எனக்காக அவள் சொன்ன பொய்களுக்கு ஒரு வரிசை உண்டு. உடைந்த ஜன்னல், தொலைந்த புத்தகப்பை, பள்ளிக்குப் போகாமல் சுற்றிய நாட்கள். எல்லாம் அப்பாவிடம் சொன்னவை. என் நாற்பத்தெட்டு வயதில் இன்னொன்றைச் சேர்க்க வைத்தேன்.

சர்வேயர் பேச்சை மாற்றினார். "சரிங்கம்மா, இதுல உங்களுக்குப் பிடிச்சத எடுத்துக்குங்க. எது வேணும்னாலும்."

அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பல் டாக்டரம்மாவின் படத்தின் முன் நின்று, "இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், மனசு லேசான சிரிப்பு. வக்கீலின் பொட்டைக் காட்டி, "இதுல மெலிஞ்சுட்டேன்" என்றாள். மறுபடி சிரிப்பு. அவளுக்கு எப்போதும் அந்த வாய் உண்டு. இந்தக் கூட்டத்தில் அவள் என்னைவிட நன்றாகச் சேர்ந்திருப்பாள் என்று அப்போது தோன்றியது. கடைசிப் படத்துக்கு வந்து, குனிந்து, "இது" என்றாள்.

என் படம்.

"அதுல நீங்களே இல்லையேம்மா" என்றார் வக்கீல்.

"இருக்கட்டுங்க. என் மூஞ்சியத்தான் தினம் பாக்குறேனே. இதுல தரை எப்படிப் பளிச்சுனு இருக்கு பாருங்க. நான் தொடச்சதுதான்."

சர்வேயர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். "பேரக் கேட்டு எழுதுங்க."

படத்தைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டேன். அக்கா எதிரே நின்றாள். பேரக் கேட்டு எழுத வேண்டும். நான் பேசக் கற்றபோது அம்மா என்பதற்கு முன்பே வாயில் வந்த பெயர் என்று வீட்டில் சொல்வார்கள். கேட்காமல் எழுதியிருந்தால் போதும். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டிருப்பார்கள். ஒரு பெயரை எழுதினாலே எல்லாம் வெளியே வந்துவிடும், நான் வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. அவ்வளவு சுலபமான வழியை யாரோ எனக்குத் திறந்து வைத்திருந்தார்கள்.

"உங்க பேரு?" என்று கேட்டேன்.

அக்கா என்னை அன்று இரண்டாவது தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள். எழுதிக்கொள்கிறவர்களுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி, இனிஷியலோடு சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் மாற்றாத, எங்கள் அப்பாவின் எழுத்து. நான் அந்த எழுத்தை முதல் தடவையாகக் கேட்பவன்போல எழுதினேன். முன்னால் 'திருமதி' என்று போட்டேன், பின்னால் 'அவர்களுக்கு' என்று சேர்த்தேன். கீழே 'அன்புடன்'. அதற்கும் கீழே என் கையெழுத்து, அதே இனிஷியலோடு. யாரும் கவனிக்கவில்லை.

அக்கா படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க சார்" என்றாள். வாளியை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, படத்தை ஈரம் படாமல் இன்னொரு கையில் உயர்த்திப் பிடித்தபடி சந்துக்குள் போனாள். செருப்பை மறந்துவிட்டு, திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு அக்கா பேசுவது வழக்கம். எடுக்காமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். மனைவி எடுத்து, "இந்தாங்க, அண்ணி" என்று கையில் கொடுத்துவிட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

"படத்துக்குக் கண்ணாடி போடணுமாடா?" என்றாள் அக்கா. "அப்படியே மாட்டலாமா?"

"போடணும். தண்ணி பட்டா கரைஞ்சிடும்."

"அம்மாகிட்ட காட்டினேன். தம்பி வரைஞ்சு குடுத்தான்னு சொன்னேன். ரொம்ப நேரம் கையிலயே வச்சுக்கிட்டு இருந்தாங்க. யாரையும் தொட விடல."

"பின்னாடி எழுதினது..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கு மேல ஒரு பேப்பர் ஒட்டிட்டேன். அம்மா எழுத்துக் கூட்டிப் படிச்சுருவாங்க. இது என்னடி, யாருக்கோ எழுதின மாதிரி எழுதியிருக்கான்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

அங்கே அம்மா ஏதோ கேட்பதும், "தம்பிதாம்மா, பேசிட்டுத் தரேன்" என்று அக்கா சொல்வதும் காதில் விழுந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். வார்த்தைகூடத் தயாராக இருந்தது. அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"ஏன்டா, உங்க ஆளுங்க இங்க மறுபடியும் வருவாங்களா? வர்றதா இருந்தா ஒரு நாள் முன்னாடி சொல்லிடு. நான் அன்னைக்கு லீவு போட்டுக்கிறேன்."

குரலில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. எனக்கு என்ன வசதிப்படும் என்று யோசித்துத்தான் சொன்னாள். அம்மாவின் மருந்து வாங்க என்றைக்குப் போகலாம் என்று கேட்பாளே, அதே குரல்.

"சரிக்கா" என்றேன்.

அன்று முழுவதும் அவளை நான் அக்கா என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.